குருதிச் சுற்றோட்டங் கண்ட வில்லியம் ஹார்வி

மனிதன் தோன்றிய நாள்தொட்டு அவன் மார்பில் இதயம் துடித்து வருகின்றது. காயம் பட்டபோதெல்லாம் குருதி பெருகி வருகின்றது. ஆயினும், அக்குருதி எங்கிருந்து புறப்பட்டு எங்கே செல்கின்றது என்னும் வினாவுக்குத் தக்க விடை 1628 ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. இலத்தீன் மொழியில் 72 பக்கங்களே கொண்ட சிறு நூலொன்றினால் அவ்விடையை உலகிற்கு அளித்த பெரியார் வில்லியம் ஹார்வி ஆவார்.

இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்திலே, கடற்கரைப் பட்டினமாகிய போக்ஸ்ரனில், 1578 ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி ஹார்வி பிறந்தார். ஒன்பது மக்களுள் அவரே மூத்தவர். கன்ரபரியிலே பள்ளிக் கல்வியை முடித்துக் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலை புகுந்து, 1597 இல் பட்டம் பெற்றார். பின்னர், வைத்தியக் கல்விக்கு அந்நாளிற் பெரும் புகழ் பெற்று விளங்கிய இத்தாலியின் பாதுவா நகருக்குச் சென்று, 1602 இல் வைத்திய கலாநிதியானார்.

அக்காலத்து வைத்திய உலகை ஆண்டு வந்தது கேலன் என்னும் பழைய அறிஞரின் கொள்கை. கிறித்துவுக்குப்பின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். உணவிலிருந்து ஈரலிலே குருதி உண்டாகி, நாளங்கள் வழியே உறுப்புக்களுக்குச் சென்று, ஆங்கே செலவாகி ஒழிகின்றது என்பதும், இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத துளைகளாற் குருதி வலப்புறமிருந்து இடப்புறஞ் செல்கின்றது என்பதும் அவர் கருத்து. அத்துளைகளை எவருங் கண்டாரல்லர். ஆயினும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக மாணாக்கர் அதனையே மனனஞ் செய்து வந்தனர்.

பாதுவாவில் ஹார்வியின் ஆசானாக விளங்கியவர் பப்ரிசியஸ். நாளங்களின் உட்புறத்தே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் அமைந்திருத்தலை அவர் மாணாக்கருக்குக் காட்டி விளக்கினார். 1603 இல் அவைபற்றி நூலும் வெளியிட்டார். குருதி மிகையாகக் கைகால்களில் தேங்காவண்ணம் அதன் வேகத்தைத் தணிப்பதே அவற்றின் தொழில் என்று ஆசான் எண்ணினார். அக்கதவுகள் யாவும் இதயத்தை நோக்கியே திறத்தலின் பொருளை உணரும் பேறு மாணவனுக்கே வாய்த்தது.

தாயகந் திரும்பிய ஹார்வி, இலண்டன் மாநகரின் சென் பாதலோமியு வைத்தியசாலையில் 1609 இல் வைத்தியராக அமர்ந்தார். அரசர் முதலாம் ஜேம்சுக்கும், பின்னர் அவர் மைந்தர் முதலாம் சாள்சுக்கும் வைத்தியராகும் பெருமையும் அவரை வந்தடைந்தது. எனினும் அவர் மனம் ஆராய்ச்சியிலேயே தோய்ந்திருந்தது. தவளை, பாம்பு, மீன் முதலிய பிராணிகளின் இதயம் மெல்லத் துடிக்குமாதலின், அவற்றை அறுத்துப் பன்முறை நோக்கினார். இதயம் சுருங்கும்போதே குருதி வெளியே தள்ளப்படுகின்றது என்பதையும், அதனாலேயே நாடிகள் துடிக்கின்றன என்பதையும் தெளிந்தார்.

அதன்பின் அவர் செய்தது எளியதொரு கணக்கு. ஒரு துடிப்பில் அரை அவுன்சு குருதி வெளியேறுகின்றது எனக் கொள்வோம். அரைமணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்குமேல் துடிக்கின்றது. ஆகவே, அரைமணியில் வெளியேறுங் குருதி 500 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 14 இலீற்றர். மனித உடம்பு முழுவதிலும் உள்ள குருதியோ 5 இலீற்றர் அளவினதே. உண்ணும் உணவு இத்துணைக் குருதியை எங்ஙனம் ஓயாது ஆக்க இயலும்? சென்ற குருதியே திரும்பி வருதல் வேண்டும் என்னும் முடிபன்றி வேறு முடிபிற்கு இடமில்லை. அவர் கொண்ட அளவு மிகக் குறைவு; ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் வெளியேறுகின்றது என்பதை இன்று அறிவோம். ஆயினும் குறைந்த அளவே அவர் வழக்கை நிலைநாட்டப் போதியதாயிற்று.

கணக்கோடு அவர் அமையவில்லை. புயத்தை இறுகக் கட்டினால் கீழே நாடித்துடிப்பு நின்று கை வெளிறுகின்றது. கட்டைச் சிறிது தளர்த்தினால், ஆழத்திலுள்ள நாடி வழியே குருதி உள்ளே பாய, மேற்புறத்து நாளங்கள் திரும்பும் வழியின்றிக் கட்டுக்குக் கீழே புடைத்தெழுகின்றன. அவ்வாறு புடைத்த நாளத்தை ஒருவிரலால் அழுத்திக்கொண்டு, மறுவிரலாற் குருதியை அடுத்த வால்வுக்கு அப்பால் மேல்நோக்கித் தள்ளினால், நாளம் வெறுமையாகவே கிடக்கின்றது. மேலேறிய குருதி மீள்வதில்லை. கீழேயுள்ள விரலை எடுத்தவுடன் அது நிரம்புகின்றது. இன்று குருதி எடுக்கும் தாதியர் புயத்திற் பட்டை கட்டும்போதெல்லாம் ஹார்வியின் சோதனையை நாம் காண்கின்றோம்.

1616 ஆம் ஆண்டு முதல் விரிவுரைகள் ஆற்றிவந்த ஹார்வி, பன்னிரண்டு ஆண்டுகள் சோதித்த பின்னரே தம் நூலைப் பிராங்போட் நகரில் அச்சேற்றினார். எதிர்ப்பு எழுந்தது. பாரிஸ் நகரப் பேராசிரியர் ரியோலான் முதலியோர் கேலனுக்காக வாதாடினர். நூல் வெளிவந்தபின் ஹார்வியை நாடும் நோயாளர் தொகை பெரிதுங் குன்றிற்று என அவரை நேரில் அறிந்த ஒருவர் எழுதிவைத்துள்ளார். 1642 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அரசர் பக்கத்தவரான அவரது இல்லம் சூறையாடப்பட்டுப் பல்லாண்டுக் குறிப்புக்கள் அழிந்தன. பிற இழப்புக்கள் யாவற்றினும் அதுவே அவர் நெஞ்சை வருத்திற்று. எனினும் 1651 இல் உயிர்களின் பிறப்பைப்பற்றி மற்றொரு பெருநூலை வெளியிட்டார்.

அவர் கண்ட சுற்றோட்டத்தில் ஓரிடம் மாத்திரம் வெளியாய் நின்றது. நாடிகளின் முடிவிலிருந்து நாளங்களின் தொடக்கத்திற்குக் குருதி எவ்வழிச் செல்கின்றது? அவர் தேடினார், காணவில்லை. காணாததைக் கண்டதாகக் கூறவுமில்லை. இழையங்களினூடே வழியொன்று இருத்தல் வேண்டும் என்று மாத்திரங் கொண்டு, 1657 ஆம் ஆண்டு யூன் 3 ஆந் திகதி கண்மூடினார். நான்காண்டுகள் கழித்து, 1661 இல், இத்தாலிய அறிஞர் மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியால் நோக்கி, அவ்வழியாகிய மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார்.

இதயத்தின் உந்துவிசையைத் தாங்குதற்கேற்ப நாடிகளின் சுவர் தடித்து, மீள்சக்தியும் தசையும் உடையதாய் இருக்கின்றது. அமுக்கங் குறைந்த குருதியை ஏந்துவதால் நாளங்களின் சுவர் மெல்லியது. பின்னோட்டத்தைத் தடுக்க அவற்றுட் பலவற்றில் வால்வுகள் உள. மயிர்த்துளைக் குழாய்களின் சுவரோ ஒற்றைக் கலப்படையே. செங்குழியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லத்தக்க குறுகிய அவ்வழியிலேதான் ஒட்சிசனும் உணவும் இழையங்களை அடைகின்றன. கழிவுகள் குருதியிற் சேர்கின்றன. ஹார்வி விட்டுச்சென்ற வெற்றிடமே குருதி தன் பணியை ஆற்றும் இடமாய் அமைந்தது.

ஆசான் காட்டியதை ஹார்வி மறுத்தாரல்லர். அதன் பொருளைத் தாமே தேடினார். பழையோர் கூற்றை இகழ்ந்தாரல்லர், அளந்து பார்த்தார். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையே எல்லைக் கோட்டை நேர்மையாக வரைந்து வைத்தமையாலேயே, பின்வந்தவர் எங்கே நோக்குவது என்பதை அறிந்தனர். ஆய்கூடத்திற் புகும் இளமாணவர் ஒவ்வொருவரும் இம்மூன்றையும் நெஞ்சிற் கொள்வாராக.