இராமானுஜனும் பதின்மூன்று இலக்க எண்ணும்

இராமானுஜன் என்றதும் நம்மில் பலருக்கு 1729 என்ற எண்தான் நினைவுக்கு வரும். ஆனால், அவருக்குப் பட்டம் பெற்றுத் தந்த ஆய்வில் இடம்பெற்ற எண் வேறு. அது 6,746,328,388,800.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளியில் சிறந்து விளங்கிய அவருக்குக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. உதவித்தொகை பறிபோனது. பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. தாளின் விலை கட்டுப்படியாகாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, விடையை மட்டும் ஏட்டில் எழுதி வைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். 1913இல் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் வழி திறந்தது. 1914இல் கப்பலேறினார்.

1915இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை எழுப்பிய கேள்வி எளிமையானது. பகா எண்ணுக்கு 1உம் அதே எண்ணும் மட்டுமே காரணிகள். அதற்கு நேர்மாறாக, மிகுதியான காரணிகளைக் கொண்ட எண்கள் எவை?

12ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 என அதற்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்குக் கீழுள்ள அனைத்தையும் காரணி எண்ணிக்கையில் மிஞ்சுபவை உயர் பகு எண்கள். இவற்றில் 102 எண்களை அவர் பட்டியலிட்டார். அப்பட்டியலின் இறுதி எண்தான் நாம் தொடக்கத்தில் கண்டது. அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒரு முறையும் பெருக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10,080 காரணிகள் கிடைக்கும். பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு கூடுவதே இல்லை. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகாக் காரணி ஒரே முறைதான் வரும் என்பதையும் அவர் நிறுவினார்.

பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருந்தது. அது 293,318,625,600. இறுதி எண்ணை 23ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே கிடைக்கும்! கணினி இல்லாத காலத்தில், கைக்கணக்கில் நேர்ந்த அந்த ஒரு விடுபடலால் அவர் நிறுவிய உண்மைகள் எதுவும் சாயவில்லை.

கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு, இந்த ஆய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது. 1918இல் அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில், சென்னையில் மறைந்தார்.

போர்க்காலப் பணமுடையால் அக்கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. அது 1997இல்தான் வெளிவந்தது. இளமையில் தாளுக்குத் தவித்தவரின் எழுத்து, தாளில் ஏற எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.