குருதியின் கணக்கறிந்த ஆல்டேன்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

காரமடை அரங்கநாதர் தேருக்கு மலையடிவாரப் பதிகளிலிருந்து வரும் இருளர் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு நடந்த இரத்தப் பரிசோதனை முகாமில், அரிவாள் செல் மரபணு ஒன்று என்னிடம் உள்ளதெனத் தெரிந்தது. எனக்கு நோயில்லை, ஆயினும் அன்றிரவு அம்மா உண்ணவில்லை. நம் குலத்துக்கே ஏதோ குறை என்று கலங்கினார். அந்தக் கலக்கத்தோடு நூலகம் சென்ற எனக்கு அறிமுகமானவர்தாம் பேரறிஞர் ஜே. பி. எஸ். ஆல்டேன்.

இவர் 1892 நவம்பர் 5-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். நச்சுக் காற்றைத் தம் உடலிலேயே சோதித்த அத்தந்தைக்குச் சிறுவயதிலேயே துணை நின்றார் மகன். கல்லூரியில் கணிதமும், பின்னர் கிரேக்க, இலத்தீன் நூல்களும் பயின்றார். அறிவியலில் அவர் பட்டமே பெறவில்லை என்பது நமக்கெல்லாம் வியப்பளிக்கும் செய்தி! முதல் உலகப் போரில் காயமுற்று மீண்டவர், கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலும் இலண்டனில் மரபியலும் கற்பித்தார். டார்வினின் இயற்கைத் தேர்வுக்குக் கணித அடித்தளம் இட்ட மூவருள் ஒருவரானார்.

தலசீமியா மரபணு இரண்டைப் பெற்ற குழந்தை அக்காலத்தில் பிழைப்பது அரிதாயிருந்தது. அப்படியானால் அம்மரபணு தலைமுறைதோறும் குறைந்து மறைய வேண்டுமல்லவா? மத்தியதரைக் கடற்கரை மக்களிடம் அது நிலைத்திருப்பது ஏன்? ஒன்றை மட்டும் பெற்றவர்கள் மலேரியாவைத் தாங்கிப் பிழைத்திருக்கலாம் என 1949-ல் எழுதினார் ஆல்டேன். அரிவாள் செல்லுக்கும் அவ்வாற்றல் உண்டென 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் அலிசன் காட்டினார். அதற்கு இரண்டாண்டு முன்பே லேமன், கட்புஷ் இருவரும் நம் நீலகிரி மலைமக்களிடம் அரிவாள் செல்லைக் கண்டிருந்தனர். அவர்களுள் இருளரும் உண்டு.

ஆல்டேன் 1957-ல் இந்தியா வந்தார். கல்கத்தாவில் மகலனோபிசின் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார், இந்தியக் குடிமகனானார், ஜிப்பா அணிந்தார், புலால் மறுத்தார். அவருடைய மாணவர் துரோணம்ராஜு, ஆந்திரத்தில் மாமன், மருமகள் உறவில் நடக்கும் திருமணங்களை ஆராய்ந்தார். இறுதியில் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் நடத்திய ஆல்டேன், 1964 டிசம்பர் முதல் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடலும் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் பாடமாயிற்று.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். குளிர்காய்ச்சல் நிறைந்த காட்டில் நம் முன்னோரைக் காத்த மரபணு இது, குலக்குறை அன்று என்றேன். எனக்கு முறை மாப்பிள்ளை உண்டு. அவருக்கும் இதில் ஒன்று இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அவரும் சோதித்துக்கொள்ளட்டும், பிறகு பேசலாம் என்றேன். அம்மா மறுக்கவில்லை.

நண்பர்களே! சாதகம் பார்க்கும் நாம், குருதியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் என்ன?