பருந்துகளுக்கு வாதாடிய அம்மையார்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் பருந்து மலை என்று பெயர் பெற்ற ஒரு முகடு உண்டு. புரட்டாசி பிறந்ததும் வடதேசத்துக் குளிருக்கு ஒதுங்கித் தெற்கு நோக்கும் பருந்துகளுக்கும் வல்லூறுகளுக்கும் கழுகுகளுக்கும் அம்மலைத்தொடரே இராஜபாட்டை. சரிவில் மோதி மேலெழும் காற்றின்மீது அவை சிறகசைக்காமலே மிதந்து, முகட்டில் நிற்பவன் கண்மட்டத்தில் வந்து போகும். அதுவே அவற்றுக்கு யமனாயிற்று. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் வேட்டைக்காரர்கள் அங்கே ஏறி, வேடிக்கைக்காகவே அவற்றைச் சுட்டுக் குவித்தனர். கோழித் திருடனைக் கொல்வது புண்ணியமென்பது அந்நாளைய அபிப்பிராயம். சர்க்காரோ 1929 முதல் ஒரு ஜாதிப் பருந்தைக் கொன்றவர்க்கு 5 டாலர் வெகுமதியே அளித்து வந்தது.

இப்படுகொலையை நிறுத்தியவர் ரோஸலி எட்ஜ் அம்மையார். 1877-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஸ்திரீகளின் வாக்குரிமைக் கிளர்ச்சியில் ஈடுபட்டு, பிரசுரம் எழுதவும் சபை நடுவே எழுந்து கேள்வி கேட்கவும் பழகியவர். பட்சிகளைக் காக்கவென்றே ஏற்பட்ட ஆடுபான் சங்கத்தின் தலைவர்கள் வேட்டைக்காரர்களுக்கு இணங்கிப் போகிறார்களென்று குற்றஞ்சாட்டும் துண்டுப் பிரசுரமொன்று 1929-இல் அவர் கைக்கு வந்தது. அவ்வருஷமே சங்கத்தின் மகாசபைக்குச் சென்று, இதற்குப் பதில் என்னவென்று கேட்டார். பதிலுக்குப் பகைமையே கிடைத்தது. 1931-இல் வழக்குத் தொடுத்து அங்கத்தினர் பட்டியலைப் பெற்றார். வாதம் எவ்வளவு நியாயமாயினும், கேட்க வேண்டியவர்களின் விலாசம் இல்லாவிடில் பயனில்லை. பத்திரிகை நடத்தும் நாம் இதை நன்கறிவோம். 1934-இல் சங்கத் தலைவர் பதவி விலகினார்.

அவ்வருஷமே மலை விஷயமும் முற்றியது. சுடப்பட்ட பருந்துகளை வரிசையாகக் கிடத்தி எடுத்த புகைப்படங்கள் அம்மையாரை உறங்கவிடவில்லை. சுமார் 1,400 ஏக்கர் மலைநிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்தார். பின்னர் விலைக்கும் வாங்கினார். சட்டம் மாறுமளவும் காத்திருந்தால் பருந்து மிஞ்சியிராது. நிலம் தம்முடையதானால் அத்துமீறுபவனை அன்றே தடுக்கலாம். சட்டம் பயின்ற நமக்கு இந்த யுக்தி பெரிதும் இனிக்கிறது.

காவலுக்கு அமர்ந்தவர்கள் மாரிஸ் பிரௌன் என்ற இளைஞரும் அவர் மனைவி இர்மாவும். மனைவி வழிவாயிலைக் காக்க, கணவர் முகட்டுப் பாறையிலமர்ந்து, கடந்து செல்லும் பறவைகளை இனம் பிரித்து எண்ணலானார். எளிய வேலையன்று. செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் வெப்பக் காற்றில் நூற்றுக்கணக்காகச் சுழன்றேறும். பொன்னிறக் கழுகோ குளிர் முற்றிய நவம்பரில் ஒன்றிரண்டாகவே வரும். தொலைவில் புள்ளியாய்த் தெரிவதைச் சிறகின் அமைப்பையும் வாலின் நீளத்தையும் கொண்டே இன்னதென்று துணிய வேண்டும். வெண்தலைக் கழுகுக்குத் தலை வெளுக்கச் சில வருஷங்களாகும்; ஆதலால் இளையதையும் முதியதையும் தனித்தனியே குறிக்கலாயிற்று. யுத்த காலத்தில் சில வருஷங்கள் தவிர, கணக்கு நிற்கவில்லை.

அக்கணக்கே பின்னர் சாட்சிக் கூண்டில் ஏறிற்று. 1935 முதல் 1939 வரை தென்பட்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரை நூற்றுக்கு 20. 1957-இல் முதியவை 32-க்கு இளையது ஒன்றே! கழுகுகள் இருந்தன, அவற்றின் சந்ததி இல்லை. டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து இரையின் வழியே உடலிற் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்ததென்பது பிற்பாடு தெளிவாயிற்று. ராச்சேல் கார்ஸன் அம்மையார் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் இத்தொகைகளை எடுத்துக் காட்டினார். 1972-இல் அமெரிக்கா அம்மருந்தைத் தடுத்தது.

எட்ஜ் அம்மையார் அதுவரை இருக்கவில்லை. 1962 நவம்பர் 30-இல் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஒருகாலத்தில் தாம் கோர்ட்டுக்கு இழுத்த அதே ஆடுபான் சங்கத்தின் மகாசபையில் அவருக்கு மரியாதை நடந்தது. பருந்து மலையில் இலையுதிர் காலந்தோறும் இன்றும் எண்ணுகிறார்கள்.