கூடாரம் இல்லாமல் 2,050 மைல் நடந்த பாட்டி!

பாட்டிக்கு வயது 67. பெற்ற பிள்ளைகள் 11 பேர். பேரன் பேத்திகள் 23 பேர்.

1955-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பாட்டி வீட்டை விட்டுக் கிளம்பினார். நடக்கப் போவதாக மட்டும் பிள்ளைகளிடம் சொன்னார். எவ்வளவு தூரம் என்று சொல்லவில்லை.

அந்த நடை 146 நாள் நீடித்தது!

பாட்டியின் பெயர் எம்மா கேட்வுட். அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில், 1887-ல் பிறந்தவர். விவசாயக் குடும்பம். வீட்டில் மொத்தம் 15 குழந்தைகள். எம்மாவுக்கு 19 வயதில் கல்யாணம் நடந்தது.

கணவர் படித்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். படித்து என்ன பயன்? மனைவியை மாட்டை அடிப்பதுபோல் அடித்தார். எம்மாவின் பற்கள் உடைந்தன. விலா எலும்பு முறிந்தது. அடி தாங்க முடியாதபோது எம்மா காட்டுக்குள் ஓடிவிடுவார். மரங்களுக்கு நடுவேதான் அவருக்கு நிம்மதி கிடைத்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் பொறுத்தார். 1941-ல் விவாகரத்து வாங்கினார்.

மலைப் பாதை

பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியே போய்விட்டார்கள். அப்போது 1949-ம் ஆண்டின் பழைய பத்திரிகை ஒன்று எம்மாவின் கையில் கிடைத்தது. அதில் அப்பலாச்சியன் நடைபாதையைப் பற்றிய கட்டுரை இருந்தது. கிழக்கு அமெரிக்காவின் மலைகள்மேல் 14 மாநிலங்களைக் கடந்து போகும் பாதை அது. அன்று அதன் நீளம் 2,050 மைல். சுமார் 3,300 கிலோமீட்டர். அதைத் தனியாக, ஒரே மூச்சில் நடந்து முடித்த பெண் அதுவரை ஒருவரும் இல்லை.

1954-ல் வடக்கு முனையிலிருந்து நடக்கத் தொடங்கினார். காட்டில் வழி தவறினார். கண்ணாடியும் உடைந்தது. காவலர்கள் கண்டுபிடித்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார். மறு வருஷம் தெற்கு முனைக்கு வந்து நின்றார்!

மூட்டையில் என்ன?

மலையில் நடப்பவர்கள் கூடாரம் கொண்டுபோவது வழக்கம். அந்தக் காலத்துக் கூடாரம் கெட்டியான கான்வாஸ் துணி. கம்பும் முளையும் வேறு. மழையில் நனைந்தால் கனம் இன்னும் கூடும். இளைஞர்களுக்கே முதுகு ஒடியும்.

எம்மா கூடாரம் எடுக்கவில்லை. குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டார். மழை வந்தால் அதுதான் கூரை. ஒரு போர்வை, ஒரு மழைக் கோட்டு, கொஞ்சம் உலர்ந்த திராட்சை, பருப்பு வகைகள், டப்பாவில் அடைத்த இறைச்சி. எல்லாவற்றையும் தாமே தைத்த துணிப் பையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டார். மொத்தக் கனம் 20 பவுண்டைத் தாண்டுவது அரிது. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. ஆறேழு ஜோடி தேய்ந்தன!

பிளாஸ்டிக் திரை குளிரைத் தடுக்காது; கொசுவையும் தடுக்காது. பாட்டி பட்ட பாடு கொஞ்சமல்ல. குளிர்ந்த இரவுகளில் கல்லை நெருப்பில் சுட்டு அதன்மேல் படுத்தார். சருகைக் குவித்துப் படுத்தார். வழியில் வீடு தென்பட்டால் திண்ணையில் இடம் கேட்டார். சிலர் சோறு போட்டார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

ஆகஸ்டு மாதம் கான்னி, டயான் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஆறுகள் பெருக்கெடுத்தன. ஓரிடத்தில், இரண்டு கடற்படை இளைஞர்கள் கயிறு கட்டிப் பாட்டியை அக்கரை சேர்த்தார்கள்.

செப்டம்பர் 25-ந் தேதி, மெய்ன் மாநிலத்தில் உள்ள கட்டாடின் சிகரத்தில் ஏறினார். பாதை அங்கே முடிகிறது. உச்சியில் நின்று ஒரு தேசபக்திப் பாட்டுப் பாடினார்.

வழியிலேயே பத்திரிகைக்காரர்கள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் "கேட்வுட் பாட்டி" என்று பேச்சு. பாட்டியோ புகழ்ந்து பேசவில்லை. பாதை மோசம் என்று குறை சொன்னார்! அதன் பிறகு பாதையைச் செப்பனிடுவதில் அக்கறை கூடியது.

1957-ல் மறுபடியும் முழுவதும் நடந்தார். 1960-களில் பகுதி பகுதியாக மூன்றாம் முறையும் முடித்தார். அப்படி மூன்று முறை முடித்த முதல் ஆள் அவர்தான். நடுவில் 1959-ல் மிசௌரியிலிருந்து ஆரிகன் வரை வேறொரு நெடும் பயணம்!

இன்று ஒருவர் மட்டும் படுக்கும் கூடாரம் ஒரு கிலோவுக்கும் குறைந்த கனத்தில் கிடைக்கிறது. சுமையைக் குறைத்து நடப்பவர்கள் கேட்வுட் பாட்டியைத் தங்கள் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

1973-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி, 85-வது வயதில், எம்மா காலமானார். அவர் பிறந்த ஒகையோ மாநிலத்தில், ஹாக்கிங் குன்றுகளில் உள்ள 6 மைல் காட்டுப் பாதைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.