திலகவதியார் சரித்திரம்

சித்திரைச் சதயத்திலே நம்முடைய சைவப் பாடசாலைகளில் திருநாவுக்கரசு நாயனார் குருபூசை நடைபெறும்பொழுது, நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் மாணாக்கர் வாயிலே தட்டின்றி வருகின்றன. அந்நாயனாரை மீட்டுத் தந்த தமக்கையாரைப்பற்றி வினாவினால், பெயரை மாத்திரம் சொல்லி அமர்ந்துவிடுகின்றார்கள். அறுபத்துமூவர் தொகையிலே திலகவதியார் வைத்து எண்ணப்படாமையும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் சேக்கிழார் சுவாமிகள் நாயனார் புராணத்தை 429 திருவிருத்தங்களாற் பாடியபொழுது, அம்மையார் சரிதத்தையே அதற்கு வாயிலாக வைத்தார். ஆதலால் அதனைத் தனியே எடுத்து ஈண்டு எழுதுகின்றோம்.

திருமுனைப்பாடி நாட்டிலே, திருவாமூரிலே, வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் மூத்த மகளாராய்த் திலகவதியார் பிறந்தார். சில வருடங் கழித்து மருணீக்கியார் பிறந்தார். அம்மையாருக்கு 12 வயசானபொழுது, அரசனிடத்திலே சேனாபதியாயிருந்த கலிப்பகையார் அவரை மணம்பேசும்படி பெரியோரை அனுப்பினார், புகழனாரும் உடன்பட்டார். கலியாணம் நிகழுமுன்னே வடபுலத்துப் பகைவர்மேற் செல்லும்படி கலிப்பகையாருக்கு அரசனாணை பிறந்தது. போர் நாட்பட நீண்டது. அதற்கிடையிலே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் அவரோடு உயிர் நீத்தார். அத்துயரம் ஆறுவதற்குள், கலிப்பகையார் போர்க்களத்திலே பட்டார் என்னுஞ் செய்தி வந்தது.

தந்தையுந் தாயும் தம்மை அவருக்கென்று இசைந்தமையால், தாம் அவருக்கே உரியவரென்றும், தம்முயிரை அவருயிரோடு சேர்த்துவிடுதலே முறையென்றும் அம்மையார் துணிந்தார். மருணீக்கியார் அப்பொழுது சிறு பிள்ளை. அவர் தமக்கையார் பாதங்களிலே விழுந்து அழுதார். தாய் தந்தையர் போனபின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையாரை வழிபடலாம் என்னும் எண்ணத்தினாலேயே யென்றும், அவருந் தம்மைத் தனியே விட்டுப் போவாராயின் அவருக்கு முன்னே தாம் இறப்பது நிச்சயமென்றுஞ் சொன்னார். அம்மையார் தம்பியார் உயிரோடிருத்தல் வேண்டும் என்னும் இரக்கத்தினாலே தம்முயிரைத் தாங்கிக்கொண்டார்.

இவ்விடத்திலே நம்மவராகிய ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இச்சரிதத்தைப் படிப்பிப்போர் பலர், அம்மையார் உயிர்விடத் துணிந்தார் என்னும் பகுதியைப் பிள்ளைகளுக்கு ஆகாதென்று விரைந்து கடந்துவிடுகின்றார்கள். 1852ஆம் ஆண்டு பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்ட ஆறுமுகநாவலரவர்கள் அப்படிக் கடக்கவில்லை. நமது அரியாலையினூடே செல்லுங் கண்டி வீதியிலே, 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு, வலிகாமத்துச் சனங்கள் மழையிலே நனைந்துகொண்டு, முதியோரையும் குழந்தைகளையும் தாங்கிக்கொண்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி, அடிவைக்க இடமின்றி நெருங்கிச் சென்றார்கள். அந்த யுத்த காலத்திலே தாய் தந்தையரை இழந்து, இளையவர்களைத் தாமே சோறூட்டி வளர்த்த பெண்பிள்ளைகள் நம் நாட்டு வகுப்புக்களிலே இருந்தார்கள். திலகவதியார் ஒருநாள் இனி வாழ்வதற்கு யாதுமில்லை என்று எண்ணினார் என்பதை அறியாத பிள்ளை, அவர் பின்பு வாழ்ந்ததன் அருமையை எங்ஙனம் அறியும்? அப்படி எண்ணுதல் தனக்கு மாத்திரம் நேர்ந்த குற்றமென்று அது தன்னுள்ளே ஒளித்து வைத்திருத்தலுங் கூடும். ஆதலால் அப்பகுதியை மெல்ல நின்று சொல்லுதலே தக்கது என்பது எம் கருத்து.

அம்மையார் பொன்னாபரணம் பூணாது, எல்லா உயிர்கள்மேலும் அருளுடையராய், மனையின்கண்ணே தவஞ்செய்து தம்பியாரை வளர்த்தார். மருணீக்கியார் வளர்ந்து, செல்வமும் யாக்கையும் நிலையாதன என்றுணர்ந்து, சோலைகள் வைத்தார், குளங்கள் தொட்டார், விருந்தினரை ஓம்பினார். பின்பு மெய்ச்சமயம் யாதென்று ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியை அடைந்து, அவர்களுடைய நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அவர்களுக்குத் தலைவராயினார். வஞ்சகமாவது பொருளாசையாவது அவரை அங்கே கொண்டுபோகவில்லை என்பதை மறத்தலாகாது. மெய்யை நாடியே போயினார்.

யார்பொருட்டு உயிர் தாங்கினாரோ அவரும் போய்விட்டார். முதற்றுயரத்திலே அம்மையாரைத் தடுத்தற்கு ஒரு சிறு பிள்ளையாவது இருந்தது. இரண்டாந் துயரத்திலே ஒருவருமில்லை. அவர் கெடிலநதிக்கு வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடத்திலே தங்கினார். வைகறையிலே எழுந்து திருக்கோயிலை அலகிட்டார், சாணநீராலே மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். நாடோறும் இதுவே அவர் தொழில். இத்தொழிலோடு, தம்பியாரைப் பரசமயக் குழியினின்றும் எடுத்தருளல் வேண்டுமென்று சுவாமியைப் பலகாலும் விண்ணப்பஞ் செய்தார். சுவாமி ஒருநாள் கனவிலே தோன்றி, தம்பியார் முன்னமே முனிவராய்த் தம்மை அடையத் தவஞ்செய்தவரென்றும், சூலைநோயினாலே அவரை ஆட்கொள்வோமென்றும் அருளிச்செய்து மறைந்தார். தம்பியை மீட்க வேண்டினவருக்கு, தம்பியை வருத்தும் நோயே விடையாக வந்தது. அக்கனவுக்குப் பின்பும் அம்மையார் அலகையுங் கூடையையுங் கீழே வைத்தாரல்லர்.

சூலை தருமசேனர் வயிற்றினுள்ளே வடவைத்தீப் போலக் குடைந்தது. சமணர் மந்திரஞ் செபித்தும், மயிற்பீலியாலே தடவியும் அது தணிந்திலது, அவர்கள் கைவிட்டார்கள். அப்பொழுது அவருக்குத் தமக்கையார் நினைவு வந்தது. சமையற்காரனைத் திருவதிகைக்கு அனுப்பினார். அவன் நந்தவனத்துப் பக்கத்திலே அம்மையாரைக் கண்டு, செய்தியைச் சொன்னான். அம்மையாரோ சமணர் பாழிக்குத் தாம் வருவதில்லை என்று சொல்லிவிட்டார். இது கடுமையன்றோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க விடுதலே நன்று. தம் அன்பினாலே தீராத நோய் இது என்பதும், தீர்ப்பவர் எங்கே எழுந்தருளியிருக்கின்றார் என்பதும் அம்மையார் அறிந்திருந்தார். தாம் போயிருந்தால் தம்பியார் வந்திரார்.

மறுமொழி கேட்டுத் தருமசேனர் தளர்ந்தார். பின்பு பாயையும் உறியிலுள்ள கமண்டலத்தையும் பீலியையும் அங்கே விட்டு, வெள்ளை வஸ்திரம் உடுத்து, ஒருவரும் அறியாவண்ணம் இரவிலே புறப்பட்டு, வயிற்றைப் பிசையும் நோயோடு ஏறத்தாழ 15 மைல் வழியைக் கடந்து, தமக்கையார் மடத்தை அடைந்து, பாதங்களிலே வீழ்ந்தார். தம்மைக் கரையேற்றும்படி இரந்தார். அன்று உயிர்விடாதிருக்கும்படி தம்மை இரந்த பிள்ளையே இன்றும் காலில் விழுந்து கிடக்கக் கண்ட அம்மையார், கைதொழுது சுவாமியின் திருவருளை நினைந்து, அவரை எழுப்பினார். பழித்து ஒரு சொல்லுஞ் சொன்னாரல்லர். பஞ்சாக்ஷரத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார்.

விடியற்காலமாயிற்று. கோயிற்றொண்டுக்கு நேரமாயினமையால், அம்மையார் வழக்கம்போலத் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். சந்நிதியிலே அவர் பாடிய பதிகத்தோடு சூலை நீங்கியதும், நாவுக்கரசு என்னுந் திருநாமம் வழங்கியதும் யாவரும் அறிந்தன.

அதன்பின் புராணம் நாயனாரைப் பின்தொடர்ந்து போகின்றது. மகேந்திரவர்மன் என்று சரித்திரகாரர் கருதும் பல்லவனுடைய ஏவலாலே நாயனார் நீற்றறையில் 7 நாளிருந்து பிழைத்ததும், கல்லே தெப்பமாகக் கடலைக் கடந்து திருப்பாதிரிப்புலியூரிலே கரையேறியதும் அதிலே விரிகின்றன. அம்மையாரோ திருவதிகையிலே தங்கிவிட்டார். அக்கோயிலிலே இன்றும் அவருக்குச் சந்நிதி உண்டு.