கற்களைத் தேடி வந்தவர்

கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி கண்டி மலைகளுக்கு முதலில் வந்தது கலைக்காக அல்ல, கற்களுக்காக.

1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்தார். கண்டி மாவட்டத்துக் கங்காப்பிட்டியவில் அவர் சேகரித்த ஒரு கல், அதுவரை உலகம் அறியாத கனியம். அதற்குச் செரண்டிபைட் என்று பெயர். அரபு வணிகர் நம் நாட்டை அழைத்த ஸரந்தீப் அதற்குள் இருப்பது நமக்குத் தனி மகிழ்ச்சி!

கல் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. நெசவாளர், தட்டார், ஓவியர், மரம் செதுக்குவோர் எல்லோருடைய தொழிலும் இறக்குமதிப் பொருள்களின் முன்னே அழிந்துகொண்டிருந்தது.

அறிவொளிக் கால ஐரோப்பாவில், பகுத்தறிவால் அளந்து நிறுவக்கூடியதே உண்மை என்ற எண்ணம் மேலோங்கியிருந்தது. கற்பனையும் உணர்வும்கூட அறிவின் வழிகளே என்று பிளேக், வேர்ட்ஸ்வர்த் போன்ற ரொமான்டிக் கவிஞர்கள் எதிர்த்து நின்றார்கள். பின்வந்த ரஸ்கினும் வில்லியம் மொரிஸும் அந்த எதிர்ப்பைக் கவிதையிலிருந்து கைவேலைக்குக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் பொருளை மலிவாக்கும், ஆனால் செய்பவனின் மனத்தை வெறுமையாக்கும் என்பது அவர்கள் வாதம். குமாரசுவாமி அந்த வழியில் வந்தவர். 1905இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பழைய கட்டடக் கலையைக் காக்கும்படி கேட்டார். 1908இல் கண்டியக் கலைகள் பற்றிய அவரது பெருநூல், மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில் 425 பிரதிகளாக வெளிவந்தது.

அவர் விஞ்ஞானத்தைத் தூக்கி எறிந்தார் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்லை ஆராய்ந்த அதே நுட்பத்தோடுதான் கைவினைஞரின் கருவிகளையும் செய்முறைகளையும் பதிவு செய்திருக்கிறார். ஆனால் பழைய கண்டி வாழ்வை அவர் மிக இனிமையாகவே கண்டார். சாதியால் ஒரு தொழிலோடு கட்டப்பட்ட குயவனின் மகனுக்கு வேறு ஆசை இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை அவர் போதிய அளவு கேட்கவில்லை. இறந்த காலத்துக்குப் பொன்முலாம் பூசுவது ரொமான்டிக் கவிஞர்களிடமும் உண்டு.

1917 முதல் அமெரிக்காவின் பொஸ்டன் கலைக்கூடத்தில் பணியாற்றினார். இஸ்லாமியக் கலையையும் அவர் விடவில்லை. பாரசீக, மொகலாய ஓவியங்களில் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஜீவ ஊற்றும் இடம்பெறும் விதம் பற்றி 1934இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓய்வுபெற்று இந்தியா திரும்ப எண்ணியிருந்தபோது, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவிலேயே காலமானார்.