கலிம்பா ட்யூன் பண்ண ஆப் இருக்கு... யாழுக்கு? காதால் கேட்டே இராத கருவியை மீட்ட விபுலானந்தர் யார்?

ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் கருவி கலிம்பா. உள்ளங்கை அகல மரப்பலகை, மேலே வரிசையாக 17 உலோகக் கம்பிகள், கட்டைவிரலால் தட்டினால் மணி மாதிரி ஒரு சத்தம். பெட்டியிலேயே சின்னச் சுத்தியல் ஒன்றும் வரும். கம்பியை உள்ளே தட்டினால் அதிரும் பகுதி குட்டையாகி சுரம் ஏறும். வெளியே தட்டினால் நீளமாகி சுரம் இறங்கும். ஒரு கம்பிக்கு ஒரு சுரம், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்காவின் எம்பிரா கருவியிலிருந்து பிறந்தது இந்தக் கலிம்பா. 'ஒரு சுரத்துக்கு ஒரு கம்பி' என்ற இதே ஏற்பாட்டில் தமிழர்களிடமும் ஒரு கருவி இருந்தது. அதுதான் யாழ். ஆனால் அதை எப்படிச் செய்வது, எப்படி ட்யூன் பண்ணுவது என்று சொல்ல ஒருத்தர்கூட மிஞ்சவில்லை. அந்த விடையைத் தேடி சுமார் 14 வருஷம் உழைத்தவர் சுவாமி விபுலானந்தர்.

யாழ் எங்கே போனது?

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்று பெயர். வள்ளல் பாரி இறந்த பிறகு அவருடைய நண்பரான கபிலர் உயிர் நீத்த இடம் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்து வள்ளல்களைத் தேடிப் போன பாணர்கள் கையில் இருந்தது யாழ்தான். கல்வராயன் மலை மாதிரியான மலை நிலத்தைக் குறிஞ்சி என்றார்கள். அந்த நிலத்துக்குரிய பண்ணுக்கும் குறிஞ்சி யாழ் என்றே பெயர். கருவிக்கும் பண்ணுக்கும் ஒரே சொல் இருந்தது என்றால், அது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு வீணை வந்தது. மெட்டுகள் இருப்பதால் ஒரே தந்தியில் பல சுரங்கள் வாசிக்கலாம், கமகம் கொடுக்கலாம். யாழ் மெல்ல மெல்ல மறைந்தது, பாணர் மரபும் மறைந்தது. கடைசியில், யாழ் என்பதே வீணையின் இன்னொரு பெயர்தான் என்று வாதிடும் அளவுக்கு நிலைமை போனது.

வேதியியல் வாத்தியார்

1892-ல் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் பிறந்தவர் மயில்வாகனம். இதுதான் விபுலானந்தரின் இயற்பெயர். அவர் பிறந்த அதே 1892-ல்தான் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். பின்னாளில் விபுலானந்தரின் ஆராய்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது அந்தப் புத்தகம்தான்.

மயில்வாகனம் முதலில் படித்தது அறிவியல். கூடவே 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வையும் முடித்தார். யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார். யாழ் வாசித்த ஒரு பாணருக்குப் பரிசாகக் கிடைத்த நிலம் என்பதால்தான் அந்த ஊருக்கே யாழ்ப்பாணம் என்று பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார்.

1922-ல் சென்னை மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924-ல் துறவியாகி விபுலானந்தர் ஆனார். ஊர் திரும்பி மட்டக்களப்பில் பள்ளிக்கூடங்களைக் கவனித்துக்கொண்டார். 1931-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் இருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

கேட்டதே இல்லை, எப்படி ட்யூன் பண்ணுவது?

ஆடல் மகளான மாதவியின் அரங்கேற்றம் வரும் பகுதியில், யாழ் வாசிப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சிலப்பதிகாரம் விவரிக்கிறது. உரையாசிரியர்களும் அங்கே நிறையத் தகவல் தருகிறார்கள். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. ஆனால் எல்லாமே குறிப்புகளாகத்தான் இருந்தன. படித்தவர்கள் பலருக்கு அது புரியாத புதிர்.

விபுலானந்தர் அதை ஒரு அறிவியல் ஆசிரியரின் கண்ணோடு பார்த்தார். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதோடு இழையும் ஐந்தாவது சுரம் கிடைக்கும். இது எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் மாறாது. அப்படியென்றால் பழைய நூல் சொல்லும் கணக்கை நரம்பில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாமே?

தமிழில் ஏழு சுரங்களின் பெயர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இவற்றை எப்படிப் பிடிப்பது என்ற வரிசையும் பழைய குறிப்பில் இருக்கிறது. தாரத்திலிருந்து உழை, உழையிலிருந்து குரல், குரலிலிருந்து இளி, இளியிலிருந்து துத்தம், துத்தத்திலிருந்து விளரி, விளரியிலிருந்து கைக்கிளை. ஒவ்வொரு தாவலும் அந்த ஐந்தாம் சுர உறவுதான். காது நன்றாக இருந்தால் ஏழு நரம்பையும் கட்டிவிடலாம், ட்யூனர் ஆப் தேவையில்லை!

பண் எப்படி மாறும்?

கையில் கலிம்பா இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். 'சி' சுரத்தில் ட்யூன் செய்த கலிம்பாவில், சி-யில் தொடங்கி வரிசையாக வாசித்தால் சங்கராபரணம் வரும். எந்தக் கம்பியையும் தொடாமல் 'டி'-யை முதல் சுரமாக வைத்து வாசித்தால் கரகரப்பிரியா. 'ஏ'-யில் தொடங்கினால் நடபைரவி. கம்பிகள் அதேதான், தொடங்கும் இடம் மட்டும்தான் வேறு.

இதைத்தான் பழந்தமிழர்கள் பாலைத்திரிபு என்றார்கள். இந்தக் கணக்குக்கு விபுலானந்தர் தன் நூலில் 'பாலைத்திரிபியல்' என்று ஒரு இயலையே ஒதுக்கினார். கருவியின் உறுப்புகளுக்கு 'யாழுறுப்பியல்', சுரங்களுக்கு 'இசைநரம்பியல்', தேவாரப் பண்களுக்கு 'தேவாரவியல்' என மொத்தம் ஏழு இயல்கள். அமராவதி போன்ற இடங்களின் சிற்பங்களில் வில் மாதிரி வளைந்த நரம்புக் கருவி இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, யாழும் வீணையும் வேறு வேறு என்று வாதிட்டார்.

இத்தனை வேலையும் ஒரே மேசையில் உட்கார்ந்து நடக்கவில்லை. 1933-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தார். கொஞ்ச காலம் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து 'பிரபுத்த பாரதா' இதழின் ஆசிரியராக வேலை பார்த்தார். 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். போன இடமெல்லாம் யாழ்க் கணக்கும் கூடவே போனது.

மேடை ஏறிய யாழ்

1947 ஜூன். குடவாசல் பக்கம் உள்ள திருக்கொள்ளம்பூதூர் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 'யாழ் நூல்' அரங்கேறியது. விபுலானந்தர் கணக்குப்படி செய்த முளரி யாழ் உள்ளிட்ட கருவிகளை ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். வீணைக் கலைஞர் க.பொ.சிவானந்தம் பிள்ளை வாசித்தார். ஏட்டில் மட்டும் இருந்த பெயருக்கு அன்றைக்கு ஒரு சத்தம் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த மாதமே, ஜூலை 19-ம் தேதி விபுலானந்தர் காலமானார். வயது 55. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று ஏன் பேச வேண்டும்?

கபிலர் காலத்துப் பாணர் வாசித்த அதே ஒலிதான் அன்று கேட்டதா? அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய யாழ் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. சுரங்களை அடையாளம் காண்பதில் அவரோடு வேறுபடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் அவர் முடிவை மட்டும் சொல்லவில்லை, கணக்கையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதனால் ஒத்துக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் அளந்து பார்த்துப் பேச முடிகிறது. சென்னையில் மரத்தைக் குடைந்து மறுபடி யாழ் செய்து, இன்றைய பாட்டோடு சேர்த்து வாசிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள்.

அடுத்த முறை ரீல்ஸில் கலிம்பா சத்தம் கேட்டால், இந்த வேதியியல் வாத்தியாரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.